நேர்ந்துவிட்ட வாய்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குத் தடுமாற்றம்தான். மகள் திருத்தி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் கை பட்டால் அவள் எழுதியது போலாகிவிடும். தாளும் நல்ல தாள் இல்லை. அச்சாபீஸில் வேலை பார்க்கும் என் பழைய கூட்டாளி, நிறம் பிசகிப்போன காலண்டர் தாள்களைக் கொடுத்தான். முன்பக்கத்தில் மயில்மேல் முருகன் இருக்கிறார். மயிலின் நீலம் தள்ளி விழுந்து அவர் கன்னத்தில் அப்பியிருக்கிறது. நான் பின்பக்கத்தில் எழுதுகிறேன். “ஒங்க சாமி கோவிச்சுக்கிட மாட்டாருல்ல?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தான். இவனைப் பற்றியும் கீழே வரும்.

நான் கூச்சக்காரன். எப்படிப்பட்ட கூச்சம் என்றால், கடையில் கருப்பட்டி வாங்கவேண்டுமானால் எனக்கு முன்னால் யாராவது கருப்பட்டி கேட்கிறார்களா என்று பார்த்து நின்று, “எனக்கும் அதுதான்” என்பேன். பெண் பார்க்கப் போன இடத்தில் என் அண்ணன்தான் பேசினார். நான் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல், “மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமான்னு கேளுங்க சித்தி” என்றது. அந்தக் குரலுக்குரியவள்தான் என் மனைவி.

எங்கள் ஊர் சிவகாசிக்குக் கிழக்கே, நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. என் தகப்பனார் காலத்தில் எங்கள் ஆட்கள் கரிசல் காட்டில் கூலிவேலை செய்தவர்கள். என் காலத்தில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டோம். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வது. எனக்கு மருந்து முக்குகிற வேலை. குச்சிகளை வரிசையாக அடுக்கி இறுக்கிய சட்டத்துக்குக் கட்டை என்று பெயர். பெண்கள் அடுக்கிக் கொடுத்த கட்டையை வாங்கி, குச்சி நுனிகளை முதலில் மெழுகில் தொட்டு, பிறகு தட்டில் பரப்பிய மருந்தில் தொட்டுத் தூக்கவேண்டும். ஈரம் காயாத கட்டையை இரண்டு கைகளிலும் முன்னால் ஏந்தி, முற்றத்தைக் கடந்து, காயவைக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோகவேண்டும்.

முற்றம் முழுவதும் பெண்கள் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். யாருடைய முழங்கையாவது பட்டால் அந்தக் கட்டை பாழ். காய்ந்த கட்டையில் போய் உரசினாலோ, பிறகு சொல்லவேண்டியதில்லை. அதனால் கட்டையோடு வருகிறவன் “ஓரம்! ஓரம்!” என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வரவேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். காலை மடக்கிக்கொள்வார்கள். பக்கத்தில் கிடக்கும் பிள்ளையை இழுத்துக்கொள்வார்கள். பசைச் சட்டியை நகர்த்துவார்கள். கை தன்பாட்டில் அதைச் செய்யும், வாய் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கும்.

உலகத்தில் நான் உரக்கச் சொன்ன ஒரே சொல் அதுதான். அதை நான் சொல்வதாகவே எனக்குத் தோன்றாது. கட்டை சொல்வதாகத்தான் தோன்றும்.

என் மனைவி எனக்கு நேர்மாறு. காலையில் அடுப்பு பற்றிக்கொண்டால் “தோத்திரம் ஆண்டவரே” என்பாள். பற்றாவிட்டாலும் ஊதிக்கொண்டே அதையே சொல்வாள். கோழி முட்டையிட்டால் தோத்திரம், வானம் கருத்தால் தோத்திரம், கருத்த வானம் பெய்யாமல் போனால் “சரி, ஒம்ம சித்தம்” என்று கொஞ்சம் குறைந்த குரலில் ஒரு தோத்திரம். உலையில் தானியம் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக் கோவிலுக்கென்று வைத்திருக்கும் கலயத்தில் போட்டுவிடுவாள். அரிசி சமைக்கிற நாளில் அரிசி, மற்ற நாளில் கம்பு. கலயம் நிறைந்தால் ஞாயிற்றுக்கிழமை தலையில் வைத்துக் கொண்டுபோவாள். வீட்டில் பெட்டி ஒட்டும்போது கீர்த்தனை பாடுவாள். பசை தீர்ந்தால்தான் பாட்டு நிற்கும்.

எனக்கும் ஆண்டவர்மேல் அன்பு இல்லாமல் இல்லை. மருந்திலிருந்து ஒவ்வொரு கட்டையைத் தூக்கும்போதும் உதடு அசையாமல் உள்ளுக்குள் ஸ்தோத்திரம் என்பேன். கை தவறாமல் வந்ததற்கு, கண்ணில் மருந்து தெறிக்காமல் இருந்ததற்கு, அன்றைக்கு வேலை இருந்ததற்கு. அது அவருக்குக் கேட்கிறது, போதும் என்று இருந்தேன்.

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போய்விட்டது. இன்னொன்று முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. அவற்றைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை.

மூன்றாவது பிள்ளை சித்திரை மாதம், உச்சி வெயிலில் பிறந்தது. நான் வீட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றிருந்தார்கள். வலி மிஞ்சின நேரத்தில் என் மனைவி தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

“ஆண்டவரே! இந்தப் பிள்ளைய எங்கையில உசுரோட குடுத்துரும்! எம் புருசன் சபை நடுவுல நின்னு, தன் வாயத் தெறந்து ஒமக்குத் தோத்திரம் சொல்லுவாக! இது பொருத்தனை!”

மருத்துவச்சி அம்மாள் உள்ளேயிருந்து, “ஏ தாயி, நடக்கிறதா நேந்துக்கிட்டா ஆகாதா? ஒரு சேவலச் சொல்லு, ஆட்டுக்குட்டியச் சொல்லு” என்றார். உள்ளே இருந்த பெண்கள் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார்கள். வெளியே நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பெண் குழந்தை. உயிரோடு, நல்ல சத்தத்தோடு.

மூன்றாம் நாள் அவளிடம் கேட்டேன். “ஏன் இப்பிடிச் சொன்ன? ஒன் வாயால நீயே சொல்லியிருக்கலாம்ல?”

“நான் சொல்றதுல என்ன இருக்கு? நான்தான் விடிஞ்சா எந்திரிச்சாச் சொல்லிக்கிட்டே இருக்கேன். அவருக்கே சலிச்சிருக்கும். பொருத்தனைன்னா பெருசா இருக்கணும். ஆடு மாடு நம்மகிட்ட இல்ல. ஒங்க வாய்தான் நம்ம வீட்லயே அரிதான பொருளு.”

“அதுக்காக என்னக் கேக்காமலா?”

“கேட்டிருந்தா மட்டும் பதில் சொல்லிருப்பீகளாக்கும்?”



பொருத்தனை என்று நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு, பொருத்தனையைச் செலுத்திய பிறகுதான் ஞானஸ்நானம் என்பது எங்கள் ஊர் வழக்கம். எந்தக் குருவானவரும் போட்ட சட்டம் இல்லை, எங்கள் ஊர்ப் பெண்கள் போட்டது. ஆகையால் அதை மாற்றவும் ஆள் கிடையாது. நான் வாய் திறக்காதவரை என் மகளுக்கு ஞானஸ்நானம் இல்லை, கோவிலில் பெயரும் இல்லை என்று ஆகிவிட்டது. ஊரார் அவளைப் “பாப்பா” என்றே கூப்பிட்டார்கள்.

தப்ப வழி உண்டா என்று உபதேசியாரிடம் போனேன். அவர் எங்கள் ஊரிலேயே தங்கி, வாரந்தோறும் ஆராதனை நடத்தி, பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தவர். குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். நான் வாசலில் நெடுநேரம் நின்றதைப் பார்த்து அவரே, “என்ன தம்பி, பொருத்தனை சங்கதியா?” என்று தொடங்கிவைத்தார். தலையை ஆட்டினேன்.

“வேதத்துல அதுக்கு வழி இருக்கு. எண்ணாகமத்துல வருது. பொண்டாட்டி ஒரு பொருத்தனை பண்ணினா, புருசன் அதைக் கேட்ட அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிட்டா அது செல்லாது. தள்ளுபடி.”

எனக்கு உயிர் வந்தது.

“நீங்க கேட்ட அன்னைக்கு என்ன சொன்னீக?”

“ஒண்ணும் சொல்லல.”

“அப்போ நெலைச்சுப் போச்சு. புருசன் பேசாம இருந்தா அது சம்மதம்னு அதே அதிகாரத்துலதான் இருக்கு.” கொஞ்சம் சிரித்துக்கொண்டார். “ஒரு வார்த்தை பேசியிருந்தாத் தப்பிச்சிருப்பீக தம்பி.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து எழுந்தேன். உபதேசியார் பார்த்தார், சபை பார்த்தது. வேட்டியைச் சரிசெய்வதுபோல் சரிசெய்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை எழுந்தவன் உட்காரவும் கூச்சப்பட்டு வெளியே போய்விட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் கட்டை காயாது, கட்டை காயாவிட்டால் ஆபீஸ் கிடையாது. எல்லாரும் வீட்டில் இருந்தோம். வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டுமுறைக்கு வந்தது. பாட்டு முடிந்து, வேதம் வாசித்து முடிந்ததும், “இப்போ வீட்டுக்காரர் ஜெபிப்பார்” என்றார் உபதேசியார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். மற்ற வருஷங்களில் இந்த இடத்தில் என் மனைவி முந்திக்கொண்டு ஜெபித்துவிடுவாள். இந்தத் தடவை அவள் முந்தவில்லை. கூரையிலிருந்து சட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரோ இருமினார்கள். கடைசியில் உபதேசியார் “ஆமென்” என்றார். சொல்லாத ஜெபத்துக்கு எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள்.

அந்த மழையோடு ஊரில் கக்குவான் இருமல் பரவியது. எங்கள் பாப்பாவுக்கும் வந்தது. இருமத் தொடங்கினால் நிறுத்தமுடியாமல் இருமி, முகம் கருநீலமாகி, கடைசியில் ஓர் இழுப்பு இழுப்பாள். அந்த இழுப்பு வருகிறவரை நாங்கள் இருவரும் மூச்சுவிடமாட்டோம். அடுத்த தெருவில் இரண்டு கைக்குழந்தைகளை அடக்கம் செய்தார்கள். நானும் போய் மண் போட்டேன்.

திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது என் மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“பேரில்லாமப் போயிருமோன்னு பயமா இருக்கு” என்றாள். அவள் மெதுவாகப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அவசரம்னா உபதேசியாரே ஞானஸ்நானம் குடுக்கலாமாம். கேட்டுட்டேன்” என்றேன்.

“குடுக்கலாம். ஆனா ஆண்டவர்கிட்டப் பிள்ளையக் கேட்டோம், அவரு குடுத்துட்டாரு. நாம சொன்னதை இன்னும் குடுக்கலியே. அதுக்குள்ள இன்னொண்ணு எப்படிங்க கேக்குறது?”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கார்த்திகை கழிந்ததும் மழை விட்டது. பிள்ளையின் இருமலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. மறுபடி ஆபீஸ் திறந்தார்கள். என்னோடு மருந்து முக்குகிறவன் ஒருவன் இருந்தான். காலண்டர் தாள் கொடுத்தவன் என்றேனே, அவன்தான். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவன். வாய் ஓயாதவன். எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவதால் எங்களுக்குள் நல்ல சிநேகம். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“என்னலே, நேந்துவிட்ட கெடா மாதிரி முழிச்சிக்கிட்டே திரியிற?”

சொன்னேன். ஊருக்கே தெரிந்த சங்கதி அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

“எனக்கு ஒண்ணு வெளங்கலலே. மனசுக்குள்ள சொன்னா ஒங்க சாமிக்குக் கேக்காதா?”

“கேக்கும்.”

“பெறகு என்னத்துக்கு வாயால சொல்லணும்ங்கிறா ஒன் பொண்டாட்டி?”

சாயங்காலம் அவளிடமே கேட்டேன். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“அவருக்குக் கேக்கும். எனக்குக் கேக்கலியே. நீங்க அவர்மேல பிரியமா இருக்கீகளா, இல்ல நான் இழுத்துட்டுப் போறேன்னு கோவிலுக்கு வாறீகளா, எனக்கு எப்படித் தெரியும்? எம்மேல பிரியமா இருக்கீகளான்னே எனக்குத் தெரியல. ரெண்டு பிள்ளைய மண்ணுல வச்சிட்டு வந்தப்பவும் நீங்க ஒண்ணும் சொல்லல. இவ பெறந்தப்பவும் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல ஒரு ஆளு இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாமப் போச்சு.”

ஒட்டின பெட்டியைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

இதை முழுவதும் கூட்டாளியிடம் சொல்லவில்லை. பாதி சொன்னேன். வழக்கமாகச் சிரிக்கிறவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மருந்துத் தட்டைச் சமன்செய்துகொண்டே யோசித்தான்.

“ஏலே, ஓரம் ஓரம்னு கத்துறேல்ல? அது எப்படி வருது?”

“அது தானா வருது.”

“அப்ப அதோட இதையும் ஒட்டிரு. ஓரம் ஓரம்னு கத்து, கத்துன மூச்சுலயே ஒன் தோத்திரத்தையும் சொல்லிரு. பெட்டியும் மேல ஒட்டுற சீட்டும் மாதிரி. ஒட்டிக்கிட்டா பெறகு பிரியாது.”

அப்படியே செய்து பார்த்தேன். முதல் நாள் “ஓரம்! ஓரம்!” என்று கத்திவிட்டு, “ஸ்தோத்திரம்” என்பதை மூக்குக்குள் சொன்னேன். ஒரு வாரத்தில் உதட்டுக்கு வந்தது. தை மாதம் பிறந்தபோது பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்டது. பெட்டி ஒட்டுகிற அக்கா ஒருத்தி, “அண்ணாச்சி, ஓரம்னாக் காலை மடக்குறோம். தோத்திரம்னா என்னத்தை மடக்க?” என்று கேட்டாள். முற்றமே சிரித்தது. முன்பானால் அன்றோடு விட்டிருப்பேன். ஆனால் கையில் ஈரக்கட்டை இருந்தது, அதை வைத்துக்கொண்டு ஓடமுடியாது. சொல்லிக்கொண்டே நடந்தேன். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது.

மாசி மாதம் எங்கள் கோவிலில் அறுப்பின் பண்டிகை. காட்டில் விளைந்த முதல் பலனைக் கொண்டுவந்து படைத்து ஆண்டவரை ஸ்தோத்தரிக்கிற பண்டிகை. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலத்துக்காக மற்ற மதத்தாரும் வருவார்கள். எங்கள் கோவில் சின்னது. ஆண்கள் வலப்பக்கமும் பெண்கள் இடப்பக்கமும் பாயில் உட்காருவோம். நடுவில் ஒரு பாதை விட்டிருக்கும். பண்டிகை அன்று அந்தப் பாதையே இருக்காது. வத்தல் மூடை, பருத்திப் பொதி, சோளக்கதிர்க் கட்டு, பூசணிக்காய், கால் கட்டிய கோழிகள், அவற்றுக்கு நடுவே பிள்ளைகள். ஆபீஸில் வேலை செய்கிற எங்களுக்குக் காடு இல்லை. நாங்கள் முட்டையும் கைப்பிடிக் கலயமும் கொண்டுவருவோம். என் மனைவியின் கலயம் பீடத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்று வந்த குருவானவர் புதியவர், தூரத்து ஊர்க்காரர். பிரசங்கம் முடித்து, “ஸ்தோத்திரம் ஏறெடுக்க விரும்புகிறவர்கள் முன்னே வரலாம்” என்றார். ஒரு பாட்டையா எழுந்து தன் கிணற்றில் தண்ணீர் வற்றாததற்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஓர் அம்மாள் மருமகள் திரும்பி வந்ததற்குச் சொன்னாள். பிறகு ஒருவரும் எழவில்லை. நான் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். வெளியே ஏலத்துக்கு வந்திருந்த என் கூட்டாளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்து, கட்டை ஏந்துவதுபோல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினான்.

எழுந்தேன். என் கைகளும் தாமாக முன்னால் நீண்டன. மூச்சை இழுத்து, முற்றத்தில் கத்துகிற அதே சத்தத்தில் கத்தினேன்.

“ஓரம்! ஓரம்!”

ஸ்தோத்திரம் என்றுதான் சொல்ல நினைத்தேன். அதற்கு முன்னால் ஒட்டியிருந்தது முன்னால் வந்துவிட்டது.

அந்தச் சபையில் பாதிப்பேருக்குமேல் ஆபீஸ் ஆட்கள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, சிரிக்கவுமில்லை. சரசரவென்று காலை மடக்கினார்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தி கோழிகளைத் தூக்கி மடியில் வைத்தாள். இரண்டு பேர் வத்தல் மூடையை நகர்த்தினார்கள். பூசணிக்காய் உருண்டு ஆண்கள் பக்கம் போனது. குருவானவர் என்ன ஏது என்று தெரியாமல் அவரும் இரண்டு எட்டு ஓரமாக நகர்ந்து நின்றார். கதவிலிருந்து பீடம்வரை வழி திறந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. முதலில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு கோவில் முழுவதும். உபதேசியார் வேதப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. கதவு பக்கத்திலேயே இருந்தது. ஒரு காலைப் பின்னால் எடுத்துவைத்தும்விட்டேன்.

என் மனைவி எழுந்து அந்த வழியாகவே நேராக என்னிடம் வந்தாள். சிரிப்பு அடங்காத முகம்தான், கண்ணில் தண்ணீரும் இருந்தது. நீட்டியபடியே நின்ற என் கைகளில் பிள்ளையை வைத்தாள்.

“நடங்க. ஈரம் காயுது” என்றாள்.

கையில் கட்டை இருந்தால் நான் நடப்பேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நடந்தேன். பிள்ளையை மார்போடு அணைக்காமல், கட்டையை ஏந்துவதுபோலவே முன்னால் ஏந்திக்கொண்டு நடந்தேனாம். பின்னால் சொன்னார்கள். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பீடத்தண்டை வந்ததும் திரும்பி நின்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது. சொன்னேன். சொன்னதை உள்ளபடியே எழுதுகிறேன்.

“ஆண்டவரே, தோத்திரம். இந்தப் பிள்ள உசுரோட இருக்கா. இவ அம்மாவும் உசுரோட இருக்கா. முந்தின ரெண்டு பிள்ளையும் ஒம்மகிட்ட இருக்கு. எனக்குச் சொல்லத் தெரியாது. ஒம்மேல எனக்குப் பிரியம்தான். எப்பவும் பிரியம்தான்.” கொஞ்சம் நின்று, “வீட்லயும் பிரியம்தான்” என்றேன்.

ஆமென் என்று சொல்ல மறந்துவிட்டேன். உபதேசியார் சொன்னார். ஜன்னலுக்கு வெளியிலிருந்தும் ஒரு ஆமென் கேட்டது. அதைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அவன் இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறான்.

குருவானவர் அடுத்த மாதம் ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம் என்றார். என் மனைவி, “இல்லீங்க ஐயா, இன்னைக்கே. பத்து மாசமாப் பேரு காத்துக் கெடக்கு” என்றாள். தண்ணீர் கொண்டுவந்தார்கள். அன்றைக்கே பெயர் வைத்தோம். பிறகு ஏலம் நடந்தது. உருண்ட பூசணிக்காயை என் கூட்டாளிதான் எடுத்தான்.

அதற்குப் பிறகு நான் பேச்சுக்காரன் ஆகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். ஆகவில்லை. சபையில் நான் நின்று பேசியது அந்த ஒரு தடவைதான். கடையில் இன்னமும் “எனக்கும் அதுதான்” தான். வீட்டு ஜெபக்கூட்டத்தில் மட்டும் நான்கைந்து வார்த்தை சொல்லப் பழகிக்கொண்டேன். கட்டையோடு போகும்போது “ஓரம், ஓரம், ஸ்தோத்திரம்” என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதுதான் ஆபீஸ் வழக்கம்போல என்று நினைத்து, அவர்களும் அப்படியே கத்துகிறார்கள். அதில் அம்மனைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. நான் திருத்தவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, அடுப்பண்டையில் இருப்பவள் காதில் விழும்படியாக “தோத்திரம் ஆண்டவரே” என்று சொல்லிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன். அவள் “ம்” என்பாள். இத்தனை வருஷமாக அது நடக்கிறது.

சென்ற மாதம் என் மகளுக்குத் திடப்படுத்தல், அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்கிற சடங்கு. பேராயர் வந்திருந்தார். சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகளும் வந்திருந்ததால் கோவில் கொள்ளவில்லை. பாதையெல்லாம் ஆட்கள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, தலையில் முக்காடோடு என் மகள் கதவண்டையில் வழியில்லாமல் நின்றாள். அவளுக்கும் என்னைப்போல் கூச்சம் உண்டு. யாரையும் நகரச் சொல்ல வாய் வரவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி, அவ்வளவு சத்தமில்லாமல், “ஓரம், ஓரம்” என்றாள்.

நகர்ந்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மகள் நடந்து போய்ப் பேராயர் முன் முழங்கால்படியிட்டாள். நான் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், “அம்மா ஏன் கோவில்ல அப்படிச் சொன்னா? ஏன் எல்லாரும் சிரிச்சாக?” என்று கேட்டாள். அவள் அம்மா, “ஒங்கப்பாகிட்டக் கேளு” என்றுவிட்டாள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். ஞாயிறு பிற்பகல்களில் உட்கார்ந்து இன்று முடித்தேன்.

1968, மே 26, ஞாயிற்றுக்கிழமை.